கட்டிலுக்கு இடம்

மில்லர்புரத்து வீட்டின் கார் ஷெட்டுக்குள், தகர இடுக்கு வழியாக இறங்கும் வெயில் எண்ணெய்க் கறை படிந்த தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. மெக்கானிக் தேவபிரசாதம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்த வலதுகை மடியில் அசையாமல் கிடக்கிறது. அவர் மனைவி கிருபை பழைய டயர்களையும் உப்புக்காற்றில் துருவேறிய சைலன்சர்களையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போடுகிறாள். "இங்கன கட்டிலப் போட்டுட்டா மாடி ஏற வேண்டாம்லா," என்கிறாள். சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் ஸ்பேனர்களில் அவள் கை வைத்ததும், "அது இருக்கட்டும். கை சரியாயிரும்," என்கிறார். காலையிலிருந்து இதையேதான் சொல்லுகிறார். "இனி கை வராதுன்னு டாக்டர் சொன்னது ஒங்களுக்குக் காதுல விழலியா?" என்று அவள் கத்திவிடுகிறாள். அப்போது வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. ஓட்டி வந்த பையன் தலையை வெளியே நீட்டுகிறான். "அண்ணாச்சி, பிரேக் பிடிச்சா கிரீச்சுன்னு சத்தம் வருது. கொஞ்சம் பாக்கியளா?" கிருபை கணவரைத் திரும்பிப் பார்க்கிறாள். அவர் இடதுகையை ஊன்றி எழப் பார்க்கிறார், கால் நிற்கவில்லை. திரும்ப உட்கார்ந்து, மூச்சு வாங்க, "இனி இங்க வேல பாக்கல தம்பி. வேற எங்கயாச்சும் காட்டுங்க," என்கிறார். கார் பின்னால் நகர்ந்து தெருவில் திரும்புகிறது. காலையிலிருந்து அவர் வாயால் வரட்டும் என்று கிருபை காத்திருந்த வார்த்தைதான் அது. வந்த பிறகு அடுத்த சாமானை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அழுக்குக் கையோடு அவர் காலடியில் உட்கார்ந்துவிடுகிறாள்.