முதல் தடவை

சிவனொளிபாத மலையே மூட்டத்துக்குள் மறைந்துகிடந்த அந்தக் காலையில், மிலிந்த மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். உபாலிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெயிலையே காணோம். ஐயாவுக்கு ஸ்டைலுக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்று முணுமுணுத்தபடி, குசுமாம்மாவின் கையைப் பிடித்து அடுத்த படியில் ஏற்றினான்.

உபாலி சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். குசுமாம்மாவின் ஒரே மகன் கசுனும் அதே தொழில்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே இரண்டு பேரும் உயிருக்குயிர். வெள்ளைக்காரருக்கெல்லாம் நாட்டைச் சுற்றிக் காட்டிய கசுன், பெற்றவளைக் காலி நகரக் கோட்டைக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை.

"இந்த சீசன் முடியட்டும் அம்மா" என்பான். போன வருஷம் சீசன் முடியுமுன்னே ஒரு லொறி அவனை முடித்துவிட்டது. உபாலி அப்போது கத்தாரில் வேலைக்குப் போயிருந்தான். கடைசியாக முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

ஊர் திரும்பியதும், நண்பன் சொன்ன வார்த்தையைத் தானாவது காப்பாற்றலாம் என்று குசுமாம்மாவைப் பயணத்துக்குக் கிளப்பினான். வேன் கதவைத் திறந்தால் அம்மாவோடு இந்தப் பயலும் நின்றான்.

"யாரம்மா இது?"

"நமக்கு வேண்டிய பிள்ளை. பிறகு சொல்றன் மகன்."

சீகிரியா, பொலன்னறுவை, எல்லப் பாலம் என்று போன இடமெல்லாம் ஒரே கூத்து. மிலிந்த வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அம்மாவோ குன்றையும் பார்க்கவில்லை, புத்தர் சிலையையும் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் அவன் முகத்தையே பார்த்தாள்.

"நல்லாப் பாத்தியா மகன்?" என்று அவனிடம் கேட்பாள். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

தனித்துப்போன தாயிடம் மகன் வேஷம் போட்டு எவனோ வீடுவாசலைச் சுருட்டப் பார்க்கிறான் என்று உபாலி முடிவே கட்டிவிட்டான். பாதி மலையில், அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்த தேநீர்க்கடையில் அவனை ஓரங்கட்டினான்.

"தம்பி, செத்தவன்ட இடத்தில குந்தப் பாக்காத. கசுன் மாதிரி ஒருத்தன் இனிப் பிறந்துதான் வரணும்."

"தெரியும் அண்ணே" என்று மிலிந்த தலையைக் குனிந்துகொண்டான்.

"இந்த மலைக்காவது முந்தி வந்திருக்கியா?"

"இல்ல. இதுதான் முதல் தடவை."

உச்சியில் திருப்பாதச் சுவட்டை வணங்கிவிட்டு மூவரும் மணியடிக்க வந்தார்கள். எத்தனை தடவை மலை ஏறினாயோ அத்தனை அடி அடிக்கலாம். கூட ஒன்று அடிக்க யாருக்கும் துணிச்சல் வராது.

அம்மா ஒரேயொரு அடி அடித்தாள். உபாலி ஏழு அடித்துவிட்டு நின்றான். அந்த ஏழு தடவையும் கசுன் அவனோடு சேர்ந்து ஏறியவன், பக்கத்தில் நின்று மணியும் அடித்தவன். எட்டாவதை உபாலி தனியாக அடித்தான்.

அடுத்து மிலிந்த கயிற்றைப் பிடித்தான். அம்மா அவன் காதில் ஏதோ சொன்னாள்.

ஒன்று அடித்தான். கயிற்றை விடவில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்துக்கொண்டே போனான். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்த உபாலி, எட்டாவது அடி விழுந்ததும் பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்தான்.

"டேய், பாதம் இருக்கிற இடத்திலயும் பொய்யா? முதல் தடவை எண்டு உன்ட வாயாலதானே சொன்னாய்!"

குசுமாம்மா உபாலியின் கையை விலக்கிவிட்டு, அந்தக் கறுப்புக் கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். உள்ளே இரண்டு கண்ணும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. அவள் தன் சேலைத் தலைப்பால் அவற்றை ஒற்றினாள்.

"அவனுக்கு முதல் தடவைதான் உபாலி. கசுன்ட கண்ணுக்கு எட்டாந் தடவை."