கடைசிக் குடம்

திண்டிவனத்துக்கு மேற்கே, கைவிட்ட கருங்கல் குவாரியில் மாசி அமாவாசை வெயில் காய்கிறது. தொலைவில் மேல்மலையனூர் போகும் வண்டிகளின் சலங்கை ஓசை. வெள்ளைக்காரன் காலத்தில் வந்து, அவன் போனபின்னும் ரயில்பாதைக்கு ஜல்லி இழுத்த குட்டி நீராவி எஞ்சின், வயிறு பிளந்தபடி புல் மூடிய தண்டவாளத்தில் நிற்கிறது. அதைப் பழைய இரும்புக்கு வெட்ட வந்த பச்சைமுத்து காஸ் கட்டரைப் பற்றவைக்கப் போகையில், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு அம்சா வந்து எஞ்சினின் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறக்கிறாள். "இரும்புக்குமா தாகம், அக்கா?" என்று சிரிக்கிறான். "இரும்புக்கு இல்ல தம்பி, இத ஓட்டின எங்க வூட்டுக்காரருக்கு. தண்ணி வத்திப்போச்சின்னு சொன்னாரு. இன்னும் ஒரு நடை போய்ட்டு வான்னான் மேஸ்திரி. பாய்லர் வெடிச்சிடுச்சி. அமாவாசைக்கு அமாவாசை ஊத்திக்கினு வர்றேன், ஒரு சொட்டு தங்கறதில்ல. அவரு தாகம் அப்படி." பச்சைமுத்துவின் சிரிப்பு நிற்கிறது. தொட்டியின் அடியில் துரு தின்ற ஓட்டையைக் காலையிலேயே பார்த்திருக்கிறான். "ஊத்துங்கக்கா, நான் அடியில ஒரு வேலை பாக்கறேன்" என்று எஞ்சினுக்குக் கீழே நுழைந்து, தோள்துண்டைச் சுருட்டி ஓட்டையில் அடைத்து, உள்ளங்கையால் அழுத்துகிறான். தண்ணீர் விழுந்து, சத்தம் மாறி, தங்குகிறது. எட்டிப் பார்த்த அவள் முகம் கறுத்த நீரில் ஆடி அடங்குகிறது. அப்போது, குடித்து முடித்தவன் விடும் பெருமூச்சு ஒன்று இரும்புக்குள்ளிருந்து எழுகிறது. காற்றேயில்லை. "போதும்னுட்டாரு தம்பி. இனிமே வெட்டிக்கோ." வெறுங்குடத்தோடு அவள் மேடேறி மறைகிறாள். அவன் இன்னும் கையை எடுக்கவில்லை.