தீவில் கடை கிடையாது

“பூதலிங்கமும் வாரானா? வரட்டும், வரட்டும். அந்தத் தீவுல ஒரு டீக்கடைகூட கிடையாது. எங்க போய்ச் சாப்பிடுதான்னு பார்ப்போம்!”

புளிச்சோற்று அண்டாவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே கோமதிநாயகம் சிரித்தார்.

ஆரியசாலை கடைத்தெரு வியாபாரிகள் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வேன் பிடித்து எங்காவது போய் வருவார்கள். இந்த வருஷம் அஞ்சுதெங்கு காயல் நடுவில் இருக்கும் சின்னத் தீவு. சாப்பாட்டு முறை மிளகாய்க் கடை கோமதிநாயகத்துடையது. பூதலிங்கமும் அதே தெருக் கடைக்காரர்தான்.

“இன்னுமா அந்தக் கோவம்?” என்றாள் மனைவி செண்பகவல்லி. “நம்ம மக பிள்ளையே பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிட்டு.”

“அதுக்காக மறந்திருவேனா? மக கல்யாணத்துல பந்தியில உக்காந்தவன், வயிறு சரியில்லன்னு எந்திரிச்சுப் போனானே! தனியாவா போனான்? சொந்தக்காரன் அத்தனை பேரையும்லா ஓட்டிக்கிட்டுப் போனான். ஒருத்தன் கை நனைக்கல. கல்யாண வீட்டுல கை நனைக்காமப் போறதும், வாசல்ல காறித் துப்பிட்டுப் போறதும் ஒண்ணுதான்.”

செண்பகவல்லி இலைக்கட்டை எடுத்து வைத்தாள். மிச்சமும் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

“மாப்பிள்ளை வீட்டுல இருந்து சொல்லாமக் கொள்ளாம ஒரு பஸ் ஆளு கூடுதலா வந்தாங்க. அப்படியும் ஒரு பருக்கை மிஞ்சல, ஒரு ஆளு பசியோட போகல. அப்படி அளந்து போட்டவன் நான். அதுல குறை வச்சவன் அவன் ஒருத்தன்தான்!”

இந்தப் பெருமையை, மிளகாய் வாங்க வருகிறவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள்.

படகுத்துறையில் எல்லோரும் ஒரே வள்ளத்தில் ஏறினார்கள். கோமதிநாயகத்தின் நேரம், எதிர்ப் பலகையில் பூதலிங்கம். பக்கத்தில் அவர் மனைவி சரோஜம், மகன்கள், மருமகள்கள்.

பூதலிங்கம் லேசாகச் சிரித்தார்.

சிரிக்கிறவனுக்கு முதுகைக் காட்டாவிட்டால் இத்தனை நாள் கோபத்துக்கு என்ன மரியாதை? கோமதிநாயகம் திரும்பி உட்காருவதற்காக விறைப்பாக எழுந்தார்.

“அண்ணாச்சி, எணீக்கல்லே! வள்ளம் மறியும்!”

எழுந்திருக்காதீங்க, வள்ளம் கவிழ்ந்துவிடும் என்று வள்ளக்காரன் தங்கப்பன் மலையாளத்தில் கத்தி முடிப்பதற்குள் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஆள் யாரும் விழவில்லை. கட்டாமல் வைத்திருந்த தயிர்ச்சோற்று அண்டா மட்டும் தொபுக்கென்று காயலில் இறங்கியது.

“மீனுக்கெல்லாம் இன்னைக்கு விருந்து,” என்றார் பாத்திரக்கடை பிச்சைக்கனி. “அண்ணாச்சி, கடுகு தாளிச்சிருந்தியளா?”

வள்ளமே சிரித்தது. கோமதிநாயகத்தின் முகம் அவர் விற்கும் வற்றல் நிறத்துக்கு வந்தது.

பிச்சைக்கனி விடவில்லை. “எங்கேயோ கடலுக்குள்ள எரிமலைத் தீவு இருக்காம். கப்பல் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வாராங்களாம். நமக்கு எதுக்கு அந்தச் செலவு? இந்தா, முன்னாலயே உக்காந்திருக்கு!”

தீவில் இறங்கி அங்கிருந்த கோயிலில் கும்பிட்டுவிட்டு, தென்னை நிழலில் இலை போட்டார்கள். கோமதிநாயகம் கரண்டியைத் தானே எடுத்தார். வரிசையில் எத்தனையோ பேர் இருக்க, நேராகப் பூதலிங்கத்தின் இலைக்குப் போனார்.

எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

பூதலிங்கம் அண்டாவைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த வரிசையைக் கடைசி வரை பார்த்தார். பிறகு எழுந்தார்.

“அண்ணாச்சி, தப்பா நினைக்கப்படாது. வயிறு சரியில்ல.”

அவர் கண்ணைக் காட்ட, சரோஜமும் மகன்களும் மருமகள்களும் எழுந்து அவர் பின்னால் கோயிலுக்கு அந்தப் பக்கம் நடந்தார்கள்.

“பார்த்தீங்களா? அதே வார்த்தை!” கோமதிநாயகம் வரிசையைப் பார்த்துப் பொருமினார். “இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் மறுவேலை!”

கரண்டிச் சோற்றோடு கோயிலைச் சுற்றிப் போனவர், சுவருக்கு அப்பால் சரோஜத்தின் குரல் கேட்டு நின்றார்.

“எனக்குப் பசியில கண்ணை அடைக்கி. இப்ப எதுக்கு எங்களை எழுப்புனிய?”

“மெதுவாப் பேசு. ஒரு அண்டா காயல்ல போச்சு. இருக்கது எல்லாருக்கும் காணாது. நாம விலகுனா ஒருமாதிரி சரிக்கட்டிரும். பந்தி நடுவுல அண்டாவைச் சுரண்டுனா சோறு போடுதவனுக்கு எப்படி இருக்கும்?”

“கல்யாணத்துலயும் இதே கூத்துதான. அடுக்களையை எட்டிப் பார்த்துட்டு வந்து, நம்ம ஆளுக அத்தனை பேரையும் இலையில இருந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போனிய. கிடைச்ச பேரு என்ன?”

“பேரு கிடக்கு, விடு. சம்பந்தி வீட்டாளு ஒருத்தன் இலை காலியாக் கிடந்திருந்தா, அந்தப் பொண்ணை ஆயுசுக்கும்லா சொல்லிக் காட்டியிருப்பாங்க.”

கோமதிநாயகத்தின் கரண்டியிலிருந்து புளிச்சோறு பாதம் மேல் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

ஒரு பருக்கை மிஞ்சல. ஒரு ஆளு பசியோட போகல.

சத்தமில்லாமல் திரும்பி வந்தார். “செண்பகம், நம்ம வீட்டு இலை அம்புட்டுலயும் சோத்தைப் போட்டு எடுத்துக்கிட்டு என் பின்னால வா.”

அவரைக் கண்டதும் பூதலிங்கம் பதறி எழுந்தார். “அண்ணாச்சி, நெசமாவே எனக்கு வயிறு...”

“எனக்கும்தான் வே வயிறு சரியில்ல!” கோமதிநாயகம் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, தன் இலையை நடுவில் தள்ளினார். “பாதி உமக்கு, பாதி எனக்கு. இம்புட்டு நாளும் இதை என்கிட்ட சொல்லாம மறைச்சீரே, அந்தக் கோவம் தனி. அதை நாளைக்கு ஆரம்பிச்சுக்கிடுதேன். இப்பக் கையை நனையும்!”