குழித் தண்ணீரில் மயில் நிறம்

"களக்... களக்..."

இருட்டியதும் அந்தச் சத்தம். காலி மனைப் பக்கம்.

சுபலட்சுமி கைக்குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஒத்தக்கடைக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவன் பஸ் கண்டக்டர். கடைசி டிரிப் முடிந்துதான் வருவான்.

எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு கிரிதரன் கையில் டின்னோடு அஸ்திவாரக் குழி ஓரத்தில் நின்றார். மனைவி மீனலோசனி டார்ச் அடித்தாள். இருவரும் தங்கள் சௌராஷ்டிர பாஷையில் என்னமோ குசுகுசுத்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று மட்டும் அவளுக்கு நிச்சயம்.

காலையில் வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தாள். குழியில் தேங்கிய மழைத்தண்ணீர் ஊதாவும் பச்சையும் பொன்னுமாக மயில் கழுத்துபோல மின்னியது. குப்பென்று மண்ணெண்ணெய் வாடை.

நேரே போய்க் கதவைத் தட்டினாள்.

"ராத்திரி குழியில என்ன ஊத்துனீங்க?"

கிரிதரன் திருதிருவென்று விழித்தார். "அது... தண்ணியில..."

"மழுப்பாதீங்கண்ணே. சும்மா தண்ணியில அம்புட்டுக் கலர் வராது. எண்ணெய் மெல்லிசாப் படர்ந்தாத்தான் வரும். அதோட மேல்பக்கம் பட்டுத் திரும்புற வெளிச்சமும் அடிப்பக்கம் பட்டுத் திரும்புற வெளிச்சமும் சேர்ந்து ஒரு நிறத்தைக் கூட்டும், ஒரு நிறத்தை அமுக்கிரும். எங்க எம்புட்டு கனமோ அதுக்குத் தக்கன நிறம் மாறும். நான் கான்வென்ட்ல படிச்சவ!"

மீனலோசனி வாயில் கை வைத்தாள். "அடேயப்பா! டீச்சரம்மா குடிவந்தது தெரியாமப் போச்சே."

"கேலி வேணாம்க்கா. என் வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணெண்ணெய் எதுக்கு? கொளுத்தி விடவா?"

இடுப்பிலிருந்த குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மீனலோசனியின் சிரிப்பு நின்றது. "கொசுப்புழு சாகட்டும்னு ஊத்துனோம் தாயி. இவர் சிம்மக்கல்ல கடை அடைச்சு வர இருட்டிருது."

"உங்க வீட்டுக் கொசுவுக்கு என் சுவரோரமா..."

"எங்க ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சாச்சு. உன் பிள்ளைதான் ராத்திரி பூரா அழுவுது. நேத்து அதைத்தான் பேசிக்கிட்டோம்."

சுபலட்சுமி குழந்தையின் கன்னத்துத் தடிப்பைத் தடவினாள்.

"விளக்கு வச்சப்புறமும் கதவைத் தொறந்தே போட்டிருக்கியே, ஏன்?" என்றாள் மீனலோசனி.

"தனியா பயமா இருக்குக்கா. ஏதாச்சும்னா பிள்ளையத் தூக்கிட்டு ஓட..."

"எங்க ஓடுவ? உள்ள இருந்தே ஒரு சத்தம் குடு. நாங்க வாரோம்."

அன்று பொழுது சாய்ந்ததும், அந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல்தடவையாக, சுபலட்சுமி உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.