துரைக்கு ஏற்ற வீடு

"வீட்ல சத்தம் போட்டுப் பேசுவீங்களா?"

இக்வானா வாங்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி வரும் என்று தலைவர் எதிர்பார்க்கவில்லை. கூண்டு இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்று கேட்டால் நியாயம்.

"நானா? சங்கத் தலைவர்ங்கற முறையில கொஞ்சம் உரக்க..."

"மேடையைக் கேக்கல. வீட்ல."

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நலச் சங்கத்துக்குத் தலைவர் அவர். தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியை அறிவிப்பதற்குக்கூட முன்னுரை, முடிவுரை எல்லாம் உண்டு. போன கூட்டத்தில் பிராணி வளர்ப்பைப் பற்றி முழங்கும்போது, இக்வானா என்பது முதலைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றார். முன்வரிசையில் இருந்த மகள் எழுந்து, "இல்லப்பா, அது கீரை தின்கிற பல்லி" என்றாள். சபை சிரித்தது. எல்லார் எதிரிலும் அவளை அதட்டி உட்கார வைத்தார் தலைவர். அன்றோடு அவள் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஊரே கை தட்டினாலும், மகள் பேசாத வீடு அவருக்குக் கரண்ட் போன வீடாகத்தான் இருந்தது. தூது போன மனைவி ஒரு முகவரியோடு திரும்பி வந்தாள். "இங்க ஒருத்தங்க இக்வானா குடுக்கறாங்களாம். நீங்களே தனியாப் போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தா பேசுவாளாம்."

அதனால்தான் இந்தக் கூடம், இந்த நாற்காலி. எதிரே வீட்டுக்காரம்மாள். தலைமையாசிரியையாம், பார்வையே சொன்னது. ஓரத்தில் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் மரக்கிளை மேல், விளக்கின் சூட்டில் நாலு காலையும் தொங்கவிட்டுப் படுத்திருந்தது இக்வானா. பெயர் துரை. படுத்திருந்த தோரணைக்குப் பெயர் பொருத்தம்தான்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

இதற்குத் தலைவர் படித்துக்கொண்டு வந்திருந்தார். "கீரை, பூசணிக்கா, செம்பருத்தி இலை. ஆனா எங்க வீட்ல கறி இல்லாம அடுப்பு எரியாது பாருங்க. கூட இருந்து பழகினா அதுவும் தானா வழிக்கு வந்துடும்."

"வராது. கறியைக் குடுத்தா சிறுநீரகம் போயிடும். நீங்க பாட்டுக்கு உங்க கறியைச் சாப்பிடுங்க, அது பாட்டுக்கு அதோட கீரையைத் தின்னும். பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா உங்களால?"

"முடியும்னுதான் நினைக்கறேன்" என்றார், எதற்கு என்று புரியாமலே.

"வீட்டம்மா ஒண்ணு சொன்னா காது குடுப்பீங்களா?"

"அதுக்கும் பல்லிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இருக்கு. சொல்லுங்க."

தலைவர் துரையைப் பார்த்தார். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துகிறது, குடைகிறது என்பார்கள். இங்கே ஓணான் சும்மாதான் இருந்தது. குத்துவதும் குடைவதும் வீட்டுக்காரம்மாள்தான்.

"அம்மா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியல. ஒரு குடியிருப்பையே கட்டி மேய்க்கறவன்."

"இது மேய்க்கற பிராணி இல்லைங்க. மேலேருந்து கையைக் கொண்டு போனா பருந்துன்னு மிரண்டுடும். பக்கவாட்டுல, மெதுவா, அதோட கண்ணுக்குத் தெரியற மாதிரி போகணும். அவசரப்பட்டு வாலைப் பிடிச்சீங்கன்னா வாலை விட்டுட்டு ஓடிடும்."

"வால்தானே, முளைச்சுடும்னு நெட்ல போட்டிருந்தான்."

"வால் முளைக்கும். திரும்ப உங்க கிட்ட வராது." வீட்டுக்காரம்மாள் எழுந்தார். "உங்களுக்கு ஒத்துவராதுன்னு தோணுது. மன்னிச்சுக்கங்க."

வெறுங்கையோடு போனால் வீட்டில் மறுபடி அதே மௌனம்.

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க" என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. "என் பொண்ணுக்குத் தெரியும். அவ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. நாலு பேர் சிரிச்சதும் எனக்குப் பொறுக்கல. அவ பேச மாட்டேங்கறா. அதுக்காகத்தான் வந்தேன்."

முன்னுரை இல்லாமல் அவர் பேசியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரம்மாள் மறுபடி உட்கார்ந்தார். "புது வீட்ல மாசக்கணக்கா உங்களை மதிக்காது. கிட்டப் போனா ஒளிஞ்சுக்கும். அப்ப?"

"காத்திருக்கேன்."

"கோவம் வந்தா வாலால விளாசும்."

"வாங்கிக்கறேங்க. பேசாம இருக்கறதுக்கு அது தேவலை."

அந்த அம்மாள் முகத்தில் முதன்முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. தலைவர் உற்சாகமாக எழுந்து, கொண்டு வந்திருந்த பிரம்புக் கூடையைத் திறந்தார்.

"கூடையை மூடுங்க. துரை எங்க வீட்டுப் பிள்ளை. அவனை எங்கயும் அனுப்பற உத்தேசமில்ல."

"அப்ப... இவ்வளவு நேரம் என்னை எதுக்கும்மா கேள்வி கேட்டீங்க?"

வீட்டுக்காரம்மாள் உள்ளறைப் பக்கம் திரும்பினார். "எனக்குத் திருப்தி. ரெண்டு பேரும் வெளிய வாங்க."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞன் வந்து கை கூப்பினான். அவனுக்குப் பின்னால் வந்து நின்றவள் தலைவரின் மகள்.

"அப்பா, நான் கட்டிக்கப் போறவர் இவர்தான். பொண்ணோட அப்பாவைப் பாக்காம சம்மதம் சொல்ல மாட்டேன்னு இவங்கம்மா பிடிவாதமா இருந்தாங்க" என்றாள் மகள். "தயவுபண்ணி ஒரு வார்த்தை பேசிடாதீங்க, இப்பத்தான் தேறியிருக்கீங்க."