நாடக வைத்தியம்

கொர்னேலியஸ் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தான். முகம் கழுவினான். சிலுவை போட்டுக்கொண்டான். வெள்ளைச் சட்டையையும் காக்கிக் காற்சட்டையையும் மாட்டினான். அடுப்படியில் மனைவி வரக்காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என் பெல்ட் எங்க?"

"எனக்கென்ன தெரியும்? நானா கட்டிக்கிட்டுத் திரியறேன்?"

"இந்த வீட்ல ஒரு சாமான் வச்ச எடத்துல இருக்குதா?"

"வச்சவரைக் கேளுங்க."

அவன் காப்பியைத் தொடவில்லை. இருட்டில் கொடியில் கைக்கு அகப்பட்டதை உருவி இடுப்பில் இறுக்கிக் கட்டினான். வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

"நிறுத்துங்க!" என்றார் டாக்டர் ரோசலின். "அன்னைக்கும் இவ்வளவு மெதுவாவா சாத்துனீங்க?"

கதவு என்பது இரண்டு நாற்காலிகள். வீடு என்பது தெங்கேராவில் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அறை. கொடி, காப்பி எல்லாம் வெறும் காற்று. மனைவியாக நின்றவள் பக்கத்து வீட்டு அன்னம்மா, வயது ஐம்பது. உண்மையான மனைவி மரியசெல்வி செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அன்று காலை பெண்களைச் சந்தைக்கு ஏற்றிப்போன ரப்பர் தோட்டத்து லாரியின் டயர் ரெம்பியா வளைவில் வெடித்தது. காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சுடும் அவசரகாலமாயிற்றே, டிரைவர் அதைத் துப்பாக்கிச் சூடு என்று நினைத்து வண்டியைப் பள்ளத்துக்குள் விட்டார். செல்வி அங்கேயே போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்னம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரி. இன்றும் லாரிச் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் புகுந்துகொள்வாள்.

கொர்னேலியஸுக்கு அதுகூட இல்லை. சாப்பிட்டான், தூங்கினான், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பால்மரத் தொழிலாளிகள் அவனுக்குச் 'செத்த கிராணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டாக்டர் சீமையில் கற்றுவந்த வைத்தியம் இது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. தொண்டையில் மாட்டிக்கொண்ட காலைப்பொழுதை ஆள் வைத்து மறுபடி நடத்த வேண்டும். கிறுக்குத்தனம் என்று பி.ஏ. படித்த கொர்னேலியஸுக்குத் தெரியும். ஆனாலும் மூன்று வாரமாக வந்துகொண்டிருந்தான்.

"அடுத்தது கேட் சோதனை," என்றார் டாக்டர்.

கிளினிக் உதவியாள் தம்புசாமி துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். தோட்டத்துக் குடியிருப்பின் முள்வேலி வாசலில், காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று சோதிக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேடம் அவருக்கு. மூன்று வாரத்தில் நன்றாக ஊறிவிட்டார்.

"ஏய், கையத் தூக்குலா! எங்க ஒளிச்சு வச்சிருக்க அரிசிய?"

"அவன் என்னை 'ஏய்'னு சொல்லலண்ணே."

"துப்பாக்கி வச்சிருக்கவன் 'வாங்க சார்'ம்பானா? தூக்குங்கலா!"

கொர்னேலியஸ் கையைத் தூக்கினான், இறக்கினான், விறைப்பாகப் பத்தடி நடந்தான். அன்றைக்குப் போலவே ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

"செல்வி லாரிக்கிட்ட நிக்கிறா. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு. தோள் குலுங்குது. அழட்டும்னு விட்டுட்டுப் போயிட்டேன்." ஆபீசில் பெயர்ப் பட்டியல் வாசிக்கும் குரலில்தான் இதையும் சொன்னான்.

"அதை அவகிட்டயே சொல்லுங்க."

கொர்னேலியஸ் அன்னம்மாவின் முன்னால் வந்து நின்றான். "உன்ன அழவச்சு அனுப்பிட்டேன் செல்வி. அதான் கடைசின்னு தெரியாது. மன்னிச்சிரு."

அன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவள் தோள் குலுங்கியது. தம்புசாமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மூக்கைச் சிந்தினார். டாக்டர் நிறைவோடு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

அப்புறம்தான் தெரிந்தது, அன்னம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னம்மா!" டாக்டர் அதட்டினார்.

"மன்னிக்கணும் டாக்டரம்மா. அடக்க முடியல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, அவ அழுதான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"நானே பார்த்தேன்."

"நீங்க தூரத்துல பார்த்தீங்க. நான் பக்கத்துல நின்னேன். லாரி ஏறியும் அவளுக்கு அடங்கல. எனக்கும் அடங்கல. அதச் சொல்லி முடிச்சா, டயரு வெடிச்சிருச்சு."

"எதச் சொல்லி?"

"வேணாம் தம்பி. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீங்க மாலை போட்ட படத்துக்கு முன்னால உக்காந்திருந்தீங்க. அங்க சொல்ற பேச்சா அது?"

"திட்டினாளா?" கொர்னேலியஸின் குரல் எட்டு மாதத்தில் முதல்முறையாக உடைந்தது. "திட்டியிருந்தாலும் பரவால்லக்கா. கடைசியா என்னதான் சொன்னா?"

அன்னம்மா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையசைத்தார். செல்வியின் குரலிலேயே சொன்னாள்:

"'அங்க பாருங்கக்கா, எம் பாவாடை நாடா பின்னால வாலாட்டம் ஆடுது, எங்க வீட்டுத் தொரை என்னா முறுக்கா போறாரு!'"