தொப்பி போட்ட கரடி

"திருடுறதுதான் திருடுறே, எங்க கம்பெனி படத்தையே திருடிட்டு எங்ககிட்டயே வேலை கேட்டு வர்றியே! என்ன நெஞ்சழுத்தம்!"

மேனேஜர் பற்பசை அட்டைப்பெட்டியை அவள் முன்னால் விட்டெறிந்தார். பெட்டியில் சிவப்புத் தொப்பி போட்ட கரடி ஒன்று, பிரஷ்ஷைத் துடைப்பம் மாதிரி பிடித்துக்கொண்டு பல் தேய்த்தது. அவளுடைய லேப்டாப் திரையிலும் அதே கரடி, அதே தொப்பி.

அவள் பெட்டியை முதல்முறை பார்ப்பவள் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் திருடல சார். நான் வரைஞ்சது."

"வாயைப் பாரு! மாஸ்டர், நீங்களே சொல்லுங்க. இதை எங்களுக்கு வரைஞ்சு குடுத்தது யாரு?"

மாஸ்டர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அகதி முகாம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் டிசைன் சொல்லிக்கொடுப்பவர். அதற்காக மேடையேறி மூன்று கேடயம் வாங்கியவர். இந்த வேலைக்குச் சிபாரிசு செய்து அவளைக் கூட்டி வந்தவரும் அவர்தான்.

"நான்தான் சார். ஒரு மாசம் தூக்கமில்லாம வரைஞ்சேன்." அவள் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "கரடியைக் காட்டாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"பாத்தியா? உன் மானத்தைக் காப்பாத்தப் பாத்திருக்கார் மனுஷன்." மேனேஜர் அவளுடைய மதிப்பெண் பட்டியலை உருவினார். "மூணாவது வாரம், வீட்டுப்பாடம், நூத்துக்கு முப்பத்தஞ்சு. 'சந்தைக்கு உதவாது'ன்னு மாஸ்டர் கைப்பட எழுதியிருக்கார். இந்த லட்சணத்துல நீ இந்தக் கரடியை வரைஞ்சியா? இடம் குடுத்து, சோறு போட்டு, படிப்பும் குடுத்தா, கடைசியில உங்க ஆளுங்க புத்தியைக் காட்டிட்டீங்க பாரு!"

'உங்க ஆளுங்க' என்றபோது அவளுக்குக் காது சுட்டது. அந்த ஆட்களை வைத்துக் கேடயம் வாங்கிய மாஸ்டர், தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"விடுங்க சார், சின்னப் பொண்ணு. நாங்க கிளம்புறோம்." எழுந்தவர் அவள் காதருகே குனிந்தார். "வாயைத் திறந்தே, சர்ட்டிபிகேட் கிடையாது."

சர்ட்டிபிகேட் இல்லையென்றால் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. வேலை இல்லையென்றால் முகாமுக்கு வெளியே தங்க அனுமதி கிடையாது. முகாமில் ஒரே அறையில் ஆறு பேர்.

அவள் எழவில்லை.

மேனேஜருக்குக் கோபம் இன்னும் ஏறியது. "ஓஹோ! சரி, இந்தச் சிவப்புத் தொப்பியை நீலமாக்கித் தாங்கன்னு ஆறு மாசமா மாஸ்டர்கிட்ட கெஞ்சுறேன். ஒரிஜினல் ஃபைல் அழிஞ்சு போச்சு, முடியாதுன்னு அவரே கையை விரிச்சுட்டார். நீ வரைஞ்சதுதானே? எங்கே, மாத்திக் காட்டு!"

அவள் ஒரு பட்டனைத் தட்டினாள். தொப்பி மட்டும் நீலமானது.

இன்னொன்றைத் தட்டினாள். தொப்பியே கழன்று போனது. கரடியின் தலையில், பெட்டியில் யாருமே பார்த்திராத இரண்டு காதுகள் இருந்தன. ஒன்று ஓரத்தில் கிழிந்திருந்தது.

மேனேஜர் திரையைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டரின் கை கதவுப் பிடியில் இருந்தது.

"இதை… எப்போம்மா வரைஞ்சே?" மேனேஜரின் குரல் இறங்கிவிட்டது.

அவள் மதிப்பெண் பட்டியலை அவர் பக்கம் தள்ளி, மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

"அந்த முப்பத்தஞ்சு இந்தக் கரடிக்குத்தான் சார்."